மூன்று கேள்விகளுக்கு மேலே

சைமனுக்கு இங்கிலீஷ் வராது என்று சொன்னால் வட்டக்கானலில் ஒரு குஞ்சு குளுவான்கூட நம்பாது. முப்பது வருஷமாக வெள்ளைக்காரர்களோடு புழங்கிய வாய். "ஹலோ பிரதர், ரூம் வான்ட்? ஹாட் வாட்டர் டென் மினிட்ஸ், வியூ சூப்பர், நோ டென்ஷன்" என்று ஆரம்பித்தான் என்றால், வந்தவன் பையை இறக்கி வைப்பதற்குள் அவன் ஊர், தொழில், காதலி கோபித்துக்கொண்டு போன கதை எல்லாவற்றையும் கறந்துவிடுவான். அட்டை கடித்தால் என்ன செய்வது, மேகம் எத்தனை மணிக்கு விலகும், பாறையில் எதுவரை போகலாம், எல்லாம் இங்கிலீஷில்தான். அதே இங்கிலீஷைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தால் முழி பிதுங்கிவிடும். எழுத்துக்கூட்டி ஒரு பத்தியை முடிப்பதற்குள் அடுப்பில் வெந்நீர் கொதித்து ஆறிவிடும்.

அப்படிப்பட்டவன் நாற்பத்தொரு வயதில் இங்கிலீஷ் பரீட்சை எழுதக் கிளம்பினான். கேட்பது, பேசுவது, எழுதுவது, வாசிப்பது என்று நாலு பாகம். ஒவ்வொன்றிலும் ஐந்து வாங்க வேண்டும். பேசுவதில் சர்வசாதாரணமாக ஆறரை வாங்கினான். எழுதுவதில் தொங்கித் தொங்கி ஐந்து வந்தது. வாசிப்பில் முதல் தடவை நாலு, இரண்டாம் தடவை நாலரை.

"வெள்ளக்காரன் மடியிலேயே கெடந்து வளந்துட்டு, அவன் பரீட்சையில குப்புற விழுந்துட்டியேலே" என்று ஜீப் ஓட்டும் மணியன் நாலு பேர் நடுவில் சிரித்தான். சைமனும் சிரித்துத்தான் வைத்தான். வேறென்ன செய்ய?

அவன் மனைவி ஆக்ஸிலியா அயர்லாந்துக்குப் போய் இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இராத்திரி டூட்டி. கிழவர்களைப் புரட்டிப் படுக்கவைப்பது, கழுவிவிடுவது, மாத்திரை கொடுப்பது. அந்த இல்லத்தின் தோட்டக்காரர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும் ஆக்ஸிலியாதான் மேலாளரம்மாவிடம் பேசினாள். 'என் வீட்டுக்காரர் கேரட், பீன்ஸ், உருளை எல்லாம் போடுகிறவர், புல் வெட்டுவார், வேலி கட்டுவார்.' அந்த அம்மாளும் நல்ல மனுஷி. ஜனவரி கடைசிவரை இடத்தை வைத்திருக்கிறேன், பரீட்சையை முடிக்கச் சொல் என்றுவிட்டாள்.

போக வேண்டும் என்பது சைமனுக்கு இன்று நேற்று வந்த ஆசை இல்லை. பத்து வயதிலிருந்து அடுத்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போய் வழியனுப்பியவன். எத்தனை பேர் அவனைக் கட்டிப்பிடித்து, எங்கள் ஊருக்கு வா என்று சொல்லிவிட்டு ஏறிப் போயிருப்பார்கள்! பஸ் திரும்பியதும் இவன் வெறுங்கையோடு இறங்கி நடப்பான். ஒருதடவையாவது நான் பையோடு ஏற, வேறொருவன் கீழே நின்று கையாட்ட வேண்டும் என்று ஆக்ஸிலியாவிடம் கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருக்கிறான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. இரண்டு பேரும் எங்கே இருந்தால் என்ன என்பான்.

மூஞ்சிக்கல்லில் பேக்கரி மாடியில் புவனா ஒரு பயிற்சி மையம் வைத்திருந்தாள். இருபத்தேழு வயது, எம்.ஏ. இங்கிலீஷ். ஆறு நாற்காலி, ஒரு போர்டு. கீழே பேக்கரி அடுப்பின் சூடு மாடிக்கு ஏறும் என்பதால் பாதிப் பேர் குளிருக்குத்தான் அங்கே வந்தார்கள். சைமன் மட்டும் வாரத்தில் நாலு நாள், விருந்தாளிகளின் படுக்கை விரிப்பை அலசிக் கொடியில் போட்டுவிட்டு, மேட்டுப் பாதையில் மூச்சு வாங்க ஏறி வருவான்.

முதலில் அவள் பிடித்தது அவனுடைய விடைத்தாளைத்தான்.

"அண்ணே, எட்டாவது கேள்விக்குத் தப்புன்னு ஏன் போட்டீங்க?"

"தப்பாத்தான டீச்சர் எழுதியிருக்கான். ஈர மண்ணுல கெழங்கத் தோண்டி அன்னைக்கே மூட்டை கட்டுங்கிறான். கட்டுனா ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்ச் சேருறதுக்குள்ள அழுகி நாறிப் போகும். நெழல்ல பரத்தி ஆறப் போடணும்."

"நீங்க அவனுக்கு வெவசாயம் சொல்லித்தரப் போகலண்ணே. பேசேஜ்ல என்ன இருக்கோ அதுதான் சத்தியம்."

"பொய்யச் சொன்னாலுமா?"

"பொய்யச் சொன்னாலும்தான்."

"நல்லாருக்கே கத! தெரிஞ்சவனுக்கு முட்டை, தெரியாதவனுக்கு மார்க்கா?"

புவனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் அவனுக்கென்றே ஒரு வழி கண்டுபிடித்தாள். "நீங்க படிச்சாத்தான யோசிக்கிறீங்க? படிக்கவே வேணாம். நேரா கீழ போங்க, கேள்வியப் பாருங்க. அதுல ஒரு பேரோ நம்பரோ இருக்கும். அத மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மேல வந்து தேடுங்க. கண்ணுல பட்டதும் எடுத்துப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க. அந்தப் பேசேஜ்ல யாரு வாழ்ந்தா, யாரு செத்தா, நமக்கென்ன சோலி?"

இன்னொரு சட்டமும் போட்டாள். பாஸாகும்வரை வீட்டுக்காரியோடு தமிழில் பேசக் கூடாது. போனில் பேசினாலும் எழுதினாலும் இங்கிலீஷ்தான். ஆக்ஸிலியா ஒத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பேசுவார்கள். ஹவ் ஆர் யூ, ஐ ஆம் ஃபைன், வாட் டிட் யூ ஈட். ஐந்து நிமிஷத்தில் தெரிந்த வாக்கியமெல்லாம் தீர்ந்துபோகும். அப்புறம் இரண்டு பேரும் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள். அவள் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை விழாதா என்று சைமனுக்கு ஏங்கிப்போகும். ஆனாலும் போக வேண்டுமே, பல்லைக் கடித்துக்கொண்டான்.

பேசுவது சுருங்கியதற்குப் பதிலாக ஆக்ஸிலியா எழுத ஆரம்பித்தாள். டூட்டி முடிந்ததும், இங்கே மதியம் ஒன்றரை மணிக்கு, போனில் ஒரு பேசேஜ் வரும். கைடில் இருப்பது போலவே ஒரு பத்தி, அடியில் மூன்று கேள்வி. சைமன் பீன்ஸ் பாத்தியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து, ஒரு கையால் கருவாட்டுக் குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே மறு கையால் பதில் அடிப்பான். முதலில் கேள்விக்கு விடையைத் தேடிப் பிடிக்கவே அரைமணி ஆனது. புவனாவின் வித்தை கைவந்த பிறகு இரண்டே நிமிஷம். மூன்றுக்கு மூன்று. அங்கிருந்து மூன்று டிக் வரும்.

"நான் இப்ப பேசேஜ் படிக்கிறதே இல்ல தெரியுமா? நேரா ஆன்சரு" என்று ஒரு ஞாயிறு அவளிடம் இங்கிலீஷில் பீற்றிக்கொண்டான். "வெரி குட்" என்றாள் அவள்.

வெந்நீர் அடுப்புச் சுவரெல்லாம் கரியால் வார்த்தை எழுதி வைத்தான். விறகைத் தள்ளிவிட்டு ஒரு வார்த்தை, ஊதாங்குழலால் ஊதிவிட்டு ஒரு வார்த்தை. நவம்பர் சாரல் நிற்காமல் பிடித்துக்கொண்டது. விரிப்பு காயாது, விறகு எரியாது. புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு மனப்பாடம் செய்தான். மாதக் கடைசியில் மதுரைக்குப் போய் மூன்றாம் தடவை எழுதிவிட்டு வந்தான்.

டிசம்பரில் உறைபனி விழுந்த ஒரு காலை. பாத்தியெல்லாம் உப்புப் பூத்தது போலக் கிடந்தது. அகலமான முட்டைக்கோசு இலைகளைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றவனைப் புவனா போனில் அழைத்தாள். விஷயத்தைச் சொல்லாமல், வெரசா வாங்கண்ணே என்று மட்டும் சொன்னாள். சைமன் ஓட்டமும் நடையுமாகப் போனான்.

வாசிப்பில் ஐந்தரை.

மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "மாதாவே" என்றான். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கீழே பேக்கரிக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

"அழுகாதீங்கண்ணே, எனக்கும் வருது" என்றாள் புவனா. "நம்ம சென்டரோட மொத பாஸ் நீங்கதான். பெருசா ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கணும். கோட்டுப் போட்ட போட்டோ இருக்கா? இல்லாட்டி அந்தப் பையன் கம்ப்யூட்டர்லயே மாட்டிவிட்டுருவான். நாளைக்கு மதியத்துக்குள்ள சந்தி முக்குல கட்டிருவோம்."

"அவகிட்ட நான் சொன்ன பெறகு கட்டுங்க டீச்சர். ரிசல்ட்டு அடுத்த வாரம்னு சொல்லி வச்சிருக்கேன். திடீர்னு சொல்லி அலற விடணும்."

திரும்பும்போது பேக்கரியில் கால் கிலோ கேக்கு வாங்கிக்கொண்டான். மேகம் விலகி, சோலையெல்லாம் வெயிலில் பளிச்சென்று கிடந்தது. வழியில் எதிர்ப்பட்ட நாய்க்குக்கூட ஒரு துண்டு போட்டான். ஒன்றரை மணிக்குப் பாத்தி ஓரம் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தான். அன்றைய பேசேஜ் வந்து விழுந்தது. முதலில் அதற்குப் பதில் போட்டுவிட்டு, அப்புறம் சேதியைச் சொல்லலாம் என்று நினைத்தான். பரீட்சைதான் முடிந்ததே, இனி என்ன அவசரம்? கீழே கேள்விக்கு ஓடாமல், முதல் எழுத்திலிருந்து நிதானமாக, உதடு அசைய வாசித்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதிய மாதிரி சின்னச் சின்ன வாக்கியமாக இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'ஒரு பெண் இரவில் வேலை செய்கிறாள். பகலில் தூங்குகிறாள். இங்கே நாலு மணிக்கு இருட்டிவிடும். அதனால் அவள் ஆறு நாளாக வெயிலைப் பார்க்கவில்லை. அவள் கணவனுக்கு ஓர் ஆசை இருக்கிறது, வெளிநாடு வருவது. அவளுக்கும் ஓர் ஆசை இருக்கிறது, வீட்டுக்குப் போவது. இரண்டையும் ஒன்றாக நடத்த முடியாது. கணவனின் ஆசை மூத்தது. மூத்ததற்குத்தான் முதலில் கல்யாணம் செய்ய வேண்டும். அவன் வந்த பிறகு அவள் இதைச் சொல்லமாட்டாள்.'

அடியில் மூன்று கேள்வி. எத்தனை மணிக்கு இருட்டுகிறது? எத்தனை நாளாக வெயில் இல்லை? பெண் எப்போது தூங்குகிறாள்?

சைமன் மறுபடி வாசித்தான். தனக்குத்தான் எங்கோ தப்புகிறது என்று, ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்து மூன்றாம் முறையும் வாசித்தான். தப்பு ஒன்றும் இல்லை. ஐந்தரை வாங்கியவன் அல்லவா, எல்லாம் நன்றாகவே புரிந்தது.

போனில் மேலே தள்ளிக்கொண்டே போனான். நாற்பத்தேழு பேசேஜ். ஒன்றையும் அவன் முழுசாகப் படித்ததில்லை.

'இந்த இல்லத்தில் முப்பத்துநாலு அறை. முப்பத்துமூன்று அறையில் யாராவது வருவார்களா என்று காத்திருக்கிறார்கள். முப்பத்துநாலாவது அறையில் நாங்கள் ஓய்வெடுப்போம். அங்கேயும் அப்படித்தான்.' மொத்தம் எத்தனை அறை? அடியில் சைமனின் பதில்: முப்பத்துநாலு. டிக்.

'பிரையனுக்குத் தொண்ணூற்றொரு வயது. தினமும் மனைவி எங்கே என்று கேட்பார். அவள் செத்துப் பதினோரு வருஷம். கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்வேன். அந்தப் பொய் அவருக்குப் பிடிக்கும். நன்றாக இருக்கிறேன் என்று என் கணவரிடமும் சொல்கிறேன். அவருக்கும் பிடிக்கிறது.' மனைவி எங்கே போயிருக்கிறாள்? சைமனின் பதில்: கடைக்கு. டிக்.

'கடையில் பூண்டு வைத்திருந்தார்கள். மோந்து பார்த்தேன், நம் மலைப்பூண்டு மாதிரி வாசம் இல்லை. ஆனாலும் வைக்க மனசு வராமல் மோந்துகொண்டே நின்றேன். வாங்கப் போகிறாயா என்று கடைக்காரன் கேட்டான். வெளியே வந்துவிட்டேன்.' பெண் எதைக் கையில் எடுத்தாள்? பூண்டு. டிக்.

அடப்பாவி, இதற்கா மூன்றுக்கு மூன்று வாங்கினேன் என்று தலையில் அடித்துக்கொண்டான். எழுதினவள் எப்பேர்ப்பட்டவள்! இவன் படிக்கமாட்டான் என்று தெரிந்துதான் கொட்டியிருக்கிறாள். ஊமைச்சி, வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தால் என்ன என்று கோபம் வந்தது. சொல்லத்தான் செய்திருக்கிறாள், நாற்பத்தேழு நாள் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தபோது கோபம் அவன் மேலேயே திரும்பியது. சோறு பிசைந்தது பிசைந்தபடி காய்ந்து போனது.

நாலு, ஆறு, பகல் என்று பதில் அடித்தான். மூன்று டிக் வந்தது. பாஸான சேதியைச் சொல்லவில்லை.

சாயங்காலம்வரை ஒரு வேலையும் ஓடவில்லை. கோட்டயத்துக் குடும்பம் ஒன்று வந்திருந்தது. வெந்நீர் கேட்டார்கள், வைத்துக்கொடுத்தான். மனசுக்குள் இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. படித்ததை யார் கண்டார்கள்? இன்றைக்கும் கேள்வியை மட்டும் பார்த்ததாகவே இருந்துவிடலாம். அவளே முடிவு செய்துவிட்டாள். சொல்லமாட்டேன் என்றும் எழுதிவிட்டாள். போய்ச் சேர்ந்துவிட்டால், ஒருத்திக்கு இருவராக இருந்தால், அவளுக்கும் அந்த ஊர் பிடித்துவிடாதா? முப்பது வருஷ ஆசை, கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஐந்தரை! இன்னும் ஒரு மாதத்தில் நானும் பையோடு பஸ் ஏறலாம். அடுப்பு முன்னால் உட்கார்ந்து இதையே திரும்பத் திரும்ப நினைத்தான். விறகு அணைந்தது தெரியவில்லை. உள்ளேயிருந்து, தண்ணி பச்சையாக இருக்கிறதே சேட்டா என்று சத்தம் வந்தது.

மறுநாள் வெள்ளனே மூஞ்சிக்கல்லுக்குப் போய்விட்டான். புவனா அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"டீச்சர், அந்த ஃப்ளெக்ஸ் வேணாம்."

"ஏண்ணே? டிசைன் வந்துருச்சு. நீலக் கோட்டு, டை. மாப்பிள்ள மாதிரி இருக்கீங்க, பாருங்க."

போனில் காட்டினாள். யாரோ ஒருவனுடைய கோட்டுக்கு மேல் சைமனின் தலை சிரித்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு விமானம் வேறு. சைமன் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அழகாகத்தான் இருந்தது.

"நான் பெயிலு டீச்சர். அப்படித்தான் அவகிட்டச் சொல்லப் போறேன்."

"என்னண்ணே ஒளர்றீங்க?"

சைமன் போனை எடுத்து நீட்டினான். புவனா நின்றபடியே படிக்க ஆரம்பித்து, அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தாள். கீழே பன் வேகும் வாசம் ஏறி வந்தது.

"நான்தான் படிக்காதீங்கன்னு சொன்னேன்" என்றாள்.

"நீங்க பரீட்சைக்குச் சொன்னீங்க. நான் பொண்டாட்டி எழுதுனதையும் பரீட்சையாக்கிட்டேன். ஒங்க மேல என்ன தப்பு?"

"உண்மையச் சொல்லி வரச் சொல்லலாமேண்ணே. பாஸாயிட்டேன், ஆனா நீ வந்துருன்னு."

"வரமாட்டா டீச்சர். எனக்குத் தெரியும். நான் பாஸுன்னு ஒரு வார்த்த கேட்டான்னா, அங்க நமக்கு வீடு பாத்துட்டேன், கம்பளி வாங்கிட்டேன்னு ஆரம்பிச்சிருவா. அழுத்தக்காரி. பெயிலுன்னாத்தான் அவ வாயத் தொறப்பா."

"வாழ்க்கை முழுக்க மறைப்பீங்களா?"

"வந்து வீட்டுல காலு பதியட்டும். ஒரு நாளு நானே சொல்லி வாங்கிக் கட்டிக்கிறேன்."

புவனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் வருத்தம் இல்லாமலா? ஒன்றரை வருஷமாக வாடகை கொடுத்து நடத்துகிற மையம். வாராது வந்த ஒரு பாஸ். அதையும் வெளியே சொல்லக் கூடாது என்றால்?

"போட்டோ இல்லாம, பேரு இல்லாம, 'எங்கள் மாணவர் வெற்றி'ன்னு மட்டும் அடிச்சுக்கவாண்ணே?"

"தாராளமா அடிங்க டீச்சர். அந்த பிளேனு மட்டும் இருக்கட்டும்."

ஒன்றரை மணிக்கு அன்றைய பேசேஜ் வருவதற்கு முன்னாலேயே சைமன் கூப்பிட்டுவிட்டான். இன்னும் டூட்டியில்தான் இருந்தாள் போல, பின்னால் தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது. ஹலோ, இஸ் எவ்ரிதிங் ஓகே என்று பதறினாள்.

"ஆக்ஸி, நான் பெயிலாயிட்டேன்" என்றான் தமிழில்.

அந்தப் பக்கம் வண்டி நின்றது.

"எதுலங்க?"

"வாசிக்கிறதுலதான். ரிசல்ட்டு முன்னாலயே வந்துருச்சு. சுத்தமா கோட்ட விட்டுட்டேன் புள்ள."

"சரி விடுங்க. அந்தப் பரீட்சை கெடக்கு கழுத. சாப்பிட்டீங்களா? அழுதீங்களா என்ன, குரலு ஒரு மாதிரி இருக்கு? இன்னொரு தடவ எழுதுனா..."

"இல்லம்மா. இனி எழுதல. எனக்கு ஏறல. ஆச விட்டுப்போச்சு."

"நெசமாவா? ஒங்களுக்கா விட்டுப்போச்சு?"

"நெசமாத்தான். இங்க தோட்டம் இருக்கு, ரூமு இருக்கு. போதும்."

நம்புவாளா? அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"தோட்டத்து வேலைக்கு வேற ஆளப் போட்டுருவாங்களே" என்றாள்.

"போடட்டும்."

"அப்ப..." என்று நிறுத்தினாள். பிறகு, யாராவது குறுக்கே பேசிவிடுவார்களோ என்பது போல வேகமாகக் கேட்டாள். "அப்ப நான் வந்துரட்டாங்க? ஒங்களுக்குக் கோவம் இல்லையே? சும்மாதான் கேட்டேன், நீங்க வேணாம்னா..."

"வந்துரு."

அவள் அழுதாள். அழுகையோடு அழுகையாக, ஒரு மாத நோட்டீசு கொடுத்தால் போதும் என்றாள். பிப்ரவரி மூன்றாம் தேதி கொச்சிக்கு ஒரு விமானம் இருக்கிறது, அதில் பெட்டிக்கு எடை கூட விடுகிறார்கள் என்றாள். கொச்சியிலிருந்து இராத்திரி ரயிலில் ஏறினால் விடியும்போது திண்டுக்கல், அங்கே ஆறு இருபதுக்கு மலைக்கு ஒரு பஸ், அதை விட்டால் ஏழு ஐந்துக்கு ஒன்று, ஆறு இருபதில் இடது பக்கம் உட்கார்ந்தால் வாந்தி வராது என்று, எதையும் பார்த்துப் படிக்காமல், மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். சைமன் பீன்ஸ் பாத்தியில் நின்று ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினான்.